அண்ணாச்சி பதில்கள்: கூம்புக் குழாய்ப் பாட்டும் குளத்துப் பறவையும்

பிசான நடவு முடிந்து வயல்களில் கொக்குகள் இறங்கும் இந்த நாட்களில் எனக்கு வரும் கடிதங்கள் ஆண்டுதோறும் இரண்டு பொருள்களையே சுற்றி வருகின்றன. ஒன்று, மார்கழி அதிகாலையில் கோயில் கூம்புக் குழாயோ, கிறிஸ்துமஸ் இரவில் தேவாலயத்துத் தெருவோ கிளறிவிட்டுப் போன பழைய பாட்டு. மற்றொன்று, குளத்தங்கரையில் எடுத்த பறவைப் படம். இரு தரப்பாருக்கும் தனித்தனியாக எழுதிப் பார்த்தபோது பாதிப் பதில் ஒன்றாகவே இருந்ததால், இந்த முறை கடிதங்களைக் கலந்தே வைத்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, ஆண்டுக் கடைசி வந்துவிட்டால் எங்கு திரும்பினாலும் ‘இவ்வாண்டின் சிறந்த பத்துப் பாடல்கள்’ என்று பட்டியல் போடுகிறார்கள். அவற்றில் ஒன்றுகூட என் மனத்தில் நிற்கவில்லை. அந்தக் காலத்துப் பாட்டுகளைப் போல இப்போது ஏன் வருவதில்லை?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அந்தக் காலத்துப் பாட்டுகள் எல்லாமே நன்றாக இருந்தன என்று நாம் சொல்வது, சொளகில் புடைத்து முடித்த அரிசியைப் பார்த்துவிட்டு அந்த வயலில் பதரே விளையவில்லை என்று சொல்வதைப் போன்றது. அன்றும் வாரந்தோறும் படங்கள் வந்தன, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பாட்டுகள் இருந்தன, அவற்றில் பெரும்பாலானவற்றை அவற்றைப் பாடியவர்களே மறந்திருப்பார்கள். நாற்பது ஐம்பது ஆண்டுகள் புடைத்தபின் மிஞ்சியதை நேற்று அறுத்துக் களத்தில் குவித்ததோடு ஒப்பிடுவது நியாயமாகாது. அதோடு, பதின்பருவத்திலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கண்டவையும் கேட்டவையும் மற்றப் பருவத்து நினைவுகளைவிட அடர்த்தியாகத் தங்கிவிடுகின்றன என்பது உளவியலார் பலமுறை கண்ட செய்தி. இன்று உங்களுக்கு எரிச்சலூட்டும் ஒரு பாட்டு, உங்கள் பேத்திக்கு அறுபது வயதாகும்போது அவரை நின்று கேட்க வைக்கக்கூடும்.

இருந்தாலும் உங்கள் குறையை முழுவதும் தள்ளிவிட எனக்கு மனமில்லை. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்றரை நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். பல்லவி, இரண்டு சரணம், நடுவே வாத்திய இசை, மீண்டும் பல்லவி என்று எல்லாவற்றையும் அந்த இடத்துக்குள் முடிக்க வேண்டியிருந்ததால், கவிஞரும் இசையமைப்பாளரும் ஒரு சொல்லை, ஒரு மாத்திரையைக்கூடச் சும்மா விடவில்லை. கேட்பவர் பக்கமும் ஒரு நெருக்கடி இருந்தது. பிடித்த பாட்டை வானொலிக்காரர் மனமிரங்கிப் போடும்வரை காத்திருக்க வேண்டும், போட்ட அன்று அடுப்பில் பால் பொங்கினாலும் நகர முடியாது. அப்படிக் கேட்ட பாட்டு மனத்தில் பதிந்ததில் பாட்டின் பெருமை பாதி, காத்திருப்பின் பெருமை பாதி என்றே நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

பட்டியல் போடுவதும் புதிய வழக்கமன்று. 1952 டிசம்பரில் இலங்கை வானொலியில் அமீன் சயானி நடத்தத் தொடங்கிய ‘பினாக்கா கீத் மாலா’ என்ற இந்திப் பாடல் நிகழ்ச்சியின் ஆண்டிறுதி வரிசைக்காக நாடே காது கொடுத்துக் காத்திருந்தது. இந்தி தெரியாத நம் பக்கத்து வீடுகளிலும் அது ஒலித்தது.

கேள்வி: என் மாமாவின் திருமணத்தில் பந்தல் ஒலிபெருக்கியில் ‘சுராங்கனி’ பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டதாக அம்மா சொல்வார். அது எந்தப் படத்துப் பாட்டு? ‘பொப்பிசை’ என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தானா?
– வாசகி, உவரி

பதில்: அது படத்துக்காகப் பிறந்த பாட்டன்று. இலங்கையின் பாடகரும் நடிகருமான ஏ.ஈ. மனோகரன், அதாவது நாம் ‘சிலோன் மனோகர்’ என்று அழைத்தவர், சிங்களமும் தமிழும் கலந்து பாடிப் புகழ்பெற்ற பைலா வகைப் பாட்டு அது. மக்கள் நாவில் ஏறிய பிறகுதான் 1977-இல் வந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அதை எடுத்தாண்டார். பைலா என்பது பதினாறாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசியரின் ஆட்டப்பாட்டும், அவர்களோடு வந்த ஆப்பிரிக்க மக்களின் தாளமும் கலந்து உருவான வகை. ஆறு தட்டாக உருளும் அந்தத் தாளத்துக்குக் கால் தானாகவே ஆடும். ‘சுராங்கனி’யின் சிங்களப் பல்லவி, அவளுக்கு மீன் கொண்டு வந்திருப்பதைப் பற்றியது. உவரிக் கடற்கரையில் ஒரு கல்யாண வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு ஏது?

திரைப்படத்தைச் சாராமல் இலங்கைத் தமிழர் 1960களின் கடைசியிலும் 70களிலும் உருவாக்கிய இத்தகைய மெல்லிய, வேடிக்கையும் கிண்டலும் நிறைந்த பாட்டுகளையே அங்கு பொப்பிசை என்றார்கள். ‘சின்ன மாமியே’ பாட்டைத் தந்த நித்தி கனகரத்தினம் அதன் முன்னோடிகளில் ஒருவர். அவை சென்னைக்குப் போகும் முன்பே நம் கரைக்கு வந்து சேர்ந்ததற்கு ஓர் அறிவியல் காரணம் உண்டு. மத்திய அலை வானொலி தரையைத் தழுவிச் செல்லும்போது காய்ந்த மண்ணில் விரைவில் வலுவிழந்துவிடும். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் கடலின் மேல் அது நெடுந்தொலைவு குன்றாமல் வரும். நடுவில் மன்னார் வளைகுடா மட்டுமே இருந்ததால், இலங்கை வானொலியின் அறிவிப்பாளர்களான கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதைப் போல நம் வீடுகளில் கேட்டார்கள். 1967-இல் அந்த நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறிய செய்தி நம் ஊர்களுக்கு எட்டவே இல்லை. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டால் ‘சிலோன் ரேடியோ பாடுகிறது’ என்றுதான் இறுதிவரை சொன்னோம்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் சேர்த்து வைத்த பணத்தில் கேமரா வாங்கியிருக்கிறான். விடுமுறைக்குள் கூந்தன்குளம் கூட்டிப் போகச் சொல்கிறான். இப்போது போகலாமா, தை பிறக்கட்டும் என்று இருக்கலாமா? என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இரண்டு முறை போங்கள். இப்போது ஒருமுறை, கேமராவை வீட்டில் வைத்துவிட்டு.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாங்குநேரி வட்டத்தில் 129 ஹெக்டேர் பரப்பில் உள்ள அந்தக் குளத்துக்கு வடகிழக்குப் பருவமழையும் மணிமுத்தாற்றுத் தண்ணீரும் வந்து சேர்வதைப் பொறுத்தே பறவைகளின் வரவும் கூடும், குறையும். டிசம்பரில் பார்த்தால் நீர் எவ்வளவு நிற்கிறது, கூடுகள் எந்த மரங்களில் தொடங்கியிருக்கின்றன, காலை வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். தையில் கேமராவோடு போகும்போது தேடி அலைய வேண்டியிராது. 1994-இல் சரணாலயமாகவும் 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ‘ராம்சார்’ ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம் என்றாலும், அது முதலில் ஓர் ஊர். வீட்டு முற்றத்து மரங்களில் நாரை கூடு கட்டும், எச்சம் வாசலில் விழும், தீபாவளிக்கு அந்த ஊர்க்காரர்கள் வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சை எடுத்து வளர்ப்பதும் அங்கே வழக்கம். எனவே ஒருவர் வீட்டு வாசலில் நின்று மேலே கேமராவைத் திருப்பும் முன் ‘எடுக்கலாமா அக்கா’ என்று ஒரு வார்த்தை கேட்கும்படி தம்பிக்குச் சொல்லுங்கள். எந்தக் கூட்டில் குஞ்சு பொரித்திருக்கிறது என்பதையும் அந்த அக்காவே சொல்லிவிடுவார்.

விடியும் முன் போய்விடுவது நல்லது. வெயில் ஏறி ஒன்பது, பத்து மணியாகிவிட்டால் நீர்ப்பரப்பின் மேல் கானல் நெளியத் தொடங்கும். அதன்பின் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸ் போட்டாலும் தொலைவில் உள்ள பறவை கஞ்சியில் கரைந்ததைப் போலத்தான் விழும். நிற்கும் பறவைக்கு ஷட்டர் வினாடியில் 250-இல் ஒரு பங்கு நேரம் திறந்தால் போதும். பறப்பதற்கு 1,000-இல் ஒரு பங்கோ அதைவிடக் குறைவோ வேண்டும். கருத்த நீர்ப்பின்னணியில் வெள்ளைப் பறவை நின்றால் கேமரா ஏமாந்து அதை மேலும் வெளுத்துவிடும் என்பதால் ஒளியைச் சற்றுக் குறைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இறகின் மடிப்பெல்லாம் சுண்ணாம்படித்த சுவராகிவிடும்.

கூட்டை நெருங்கவே கூடாது. இதைச் சட்டத்துக்குப் பயந்து சொல்வதாக அவன் நினைத்துவிடாமல், மஞ்சள் மூக்கு நாரையை நண்பகலில் ஒரு கால்மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டில் தூவி முளைக்காத குஞ்சுகள் கிடக்கும். தாயோ தந்தையோ சூரியனுக்கு முதுகைக் காட்டி, இரண்டு சிறகையும் பாதி விரித்து, குடை பிடித்ததைப் போல அசையாமல் நிற்கும். வெயில் நகர நகர அதுவும் அடியெடுத்து வைத்துத் திரும்பிக்கொள்ளும். படம் எடுக்கிறேன் என்று ஒருவர் மரத்தடிக்குப் போனால் அந்தக் குடை எழுந்து பறந்துவிடும். குஞ்சுக்கு வெயிலும் காகமும்தான் மிச்சம்.

நெட்டைக்கால் நாரையையே பார்த்துக்கொண்டிருக்காமல் தலையில் இரண்டு கறுப்புப் பட்டையுள்ள வாத்தையும் தேடச் சொல்லுங்கள். திபெத், மங்கோலியப் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இமயத்தைத் தாண்டி வரும் பறவை அது. 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கிறது. நாங்குநேரிச் சீமையின் குளத்தில் அது வீட்டு வாத்தைப் போலப் புல் மேய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்து நான் ஒருமுறை ஏமாந்து, படம் எடுக்காமலே திரும்பி வந்திருக்கிறேன். பொங்கலை ஒட்டித் தமிழகம் முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் அவனையும் சேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். ஓரிடத்தில் கால்மணி நேரம் நின்று கண்டதைப் பட்டியலிடுவதுதான் வேலை.

கேள்வி: கைபேசியில் எடுப்பதெல்லாம் புகைப்படக் கலை ஆகுமா?
– வாசகர், களக்காடு

பதில்: ஆகும். தும்பி, பட்டாம்பூச்சி, மழைத்துளி விழுந்த எருக்கம்பூ, பனையில் ஆடும் தூக்கணாங்குருவிக் கூடு ஆகியவற்றுக்குக் கைபேசி போதும். தொலைவை இழுக்கும் தனி லென்ஸ் இல்லாத கைபேசியில் தொலைவிலுள்ள பறவையை விரலால் பெரிதாக்குவது மட்டும் வீண், எடுத்த படத்தை வெட்டிக் காட்டுவதைத் தவிர அது வேறொன்றும் செய்வதில்லை.

கேள்வி: நான் ஓர் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேமராவோடு பாபநாசம், மாஞ்சோலைப் பக்கம் போவேன். இப்படிப் பொழுதுபோக்காகச் செய்து பெயர் பெற்ற நம் பக்கத்துக்காரர் யாராவது உண்டா?
– வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். காட்டுயிர்ப் படங்களால் பெயர் பெற்ற மா. கிருஷ்ணன் 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். தமிழின் தொடக்க கால நாவலாசிரியர்களில் ஒருவரான அ. மாதவையாவின் மகன். சந்தூர் சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தார். பிறகு எந்த உத்தியோகத்திலும் அமராமல் எழுத்தையும் படத்தையும் நம்பியே வாழ்ந்தார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950-இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996 பிப்ரவரியில் மறையும்வரை, நாற்பத்தாறு ஆண்டுகள், விடாமல் எழுதினார். 1970-இல் பத்மஸ்ரீ பெற்றார். தமிழிலும் எழுதினார்.

அவருடைய கேமராவைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். கடையில் கிடைத்த எதுவும் மனத்துக்குப் பிடிக்காததால், ஒன்றின் உடலையும் மற்றொன்றின் லென்ஸையும் தாமே சேர்த்துக் கட்டி, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று கேலியாகப் பெயரும் வைத்துக்கொண்டு, அதைத் தூக்கிக்கொண்டு காட்டில் நடந்தும் யானை மேல் ஏறியும் போனார். வண்ணப்படம் எளிதாகக் கிடைத்த காலத்திலும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. அவர் படங்களில் விலங்கு பெரிதாக நிறைந்து நிற்பதைவிட, அது நிற்கும் காடு எப்படிப்பட்டது என்பது தெரியும். உங்கள் கடிதத்தோடு வந்த மூன்று படங்களிலும் குரங்கின் முகம் மட்டுமே இருக்கிறது. அது மாஞ்சோலையா, பேருந்து நிலையமா என்பது எனக்கு விளங்கவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டடி பின்னால் நின்று எடுத்துப் பாருங்கள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதித்த வழியையும் நேரத்தையும் மீறிக் கால் வைக்க வேண்டாம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கல்யாண ஆல்பத்தின் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டன. அப்பா ஆசை ஆசையாகப் பதிவு செய்து வைத்த கேசட்டுகளிலும் சேறு. எறிய மனம் வராமல் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஏதாவது மிஞ்சுமா?
– வாசகி, ஏரல்

பதில்: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டிய மழையை யாரால் மறக்க முடியும்? எறியாமல் வைத்தது நல்லது, மிஞ்சக்கூடும்.

ஸ்டூடியோவில் கழுவிய பழைய வண்ணப்படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின் என்ற பசைப்பொருளால் ஆனது. நனைந்தால் ஊறிப் பக்கத்துப் படத்தைப் பற்றும், காய்ந்தால் அப்படியே இறுகும். காய்ந்த நிலையில் உரித்தால் ஒருவர் முகம் மற்றொருவர் சேலையில் ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே முதலில் உள்ளபடியே கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதிகம் முக்கியமில்லாத ஒன்றிரண்டைத் தேர்ந்து, அகலமான தாம்பாளத்தில் சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, தானாக நெகிழும்போது மட்டும் மெல்லப் பிரித்து, படம் மேலே இருக்கும்படி நிழலில் காயவிடுங்கள். மேற்பரப்பை விரலால் துடைக்க வேண்டாம். அவை பிழைத்தால் மற்றவற்றைத் தொடலாம். வீட்டுப் பிரின்டரில் அச்சிட்ட படமாக இருந்தால் தண்ணீரில் போடவே கூடாது, சாயம் கரைந்துவிடும்.

கேசட்டை எந்தக் கருவியிலும் போட்டுப் பார்க்காதீர்கள், சேறு நாடாவையும் கருவியையும் சேர்த்துக் கெடுக்கும். கூட்டைத் திறந்து, நாடாச் சுருளை வடித்த நீரில் அலசி, நிழலில் காயவைத்து, வேறொரு நல்ல கூட்டுக்கு மாற்றிக் கணினியில் ஒருமுறை பதிவு செய்து தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதிவாகும்போது ஒன்றைக் கவனியுங்கள். பாட்டுத் தொடங்குவதற்கு ஒரு கணம் முன்பே அதே பாட்டு மிக மெலிதாக, கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதைப் போலக் கேட்கும். சுருளில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்த நாடாவின் காந்தப் பதிவு அடுத்த சுற்றுக்கும் சிறிது ஏறியிருப்பதுதான் காரணம். பக்கம் முடியும் இடத்தில் கடைசிப் பாட்டு பாதியில் நின்றால் அதுவும் வெள்ளத்தின் வேலையன்று. ரெக்கார்டிங் சென்டரில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம் என்று கணக்குப் போட்டு நாம் எழுதிக் கொடுத்த பட்டியலில் ஆசையால் சேர்த்த ஏழாவது பாட்டு அது. உள்ளட்டையில் அப்பாவின் கையெழுத்து இருக்கும். அதையும் நிழலில் காயவைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குளத்தில் எடுத்த காணொளிக்குப் பின்னணியாகப் பழைய பாட்டு ஒன்றைச் சேர்க்கலாமா?
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: வீட்டுக்குள் பார்ப்பதற்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுவில் வெளியிட வேண்டுமானால், நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள்வரை உரிமை உண்டு. எழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் நிற்கும். எனவே உங்கள் விருப்பப் பாட்டு அதற்குள் அடங்கவே செய்யும்.

ஆனால் என் ஆட்சேபம் சட்டம் பற்றியதன்று. நீங்கள் அனுப்பிய காணொளியில் இருப்பது மஞ்சள் மூக்கு நாரைக் கூட்டம். வளர்ந்த நாரை பெரும்பாலும் குரல் கொடுப்பதில்லை, அது மேல் அலகையும் கீழ் அலகையும் மோதிக் கடகடவென்று ஒலி எழுப்புகிறது. குஞ்சுகளோ ஓயாமல் கத்துகின்றன. உழக்கில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவதைப் போன்ற அந்தச் சத்தத்தை அழித்துவிட்டுத்தானே வயலினைச் சேர்க்கப் போகிறீர்கள்? வேண்டாமே.

கேள்வி: எல்லாருக்கும் சொல்கிறீர்களே, இந்த ஆண்டு உங்களுக்குப் பிடித்த பாட்டும் படமும் எவை?
– வாசகர், திருநெல்வேலி டவுண்

பதில்: இரண்டுமே இந்த ஆண்டைச் சேர்ந்தவையல்ல. போகிக்கு முன் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய படம் ஒன்று கிடைத்தது. நயினார்குளத்துக் கரையிலிருந்து நான் எடுத்தது. கருவேல மரத்தில் அடையும் கொக்குகள், மங்கிச் செம்மை ஏறிய வானம், ஓரத்தில் பாதி சைக்கிள். முப்பத்தாறு படச் சுருளில் தேறிய ஒன்றோ இரண்டோ. படத்தின் பின்னால் தேதியும் இடமும் பென்சிலால் எழுதி வையுங்கள் என்று இதே பத்தியில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். நான் எழுதி வைத்திருந்தது ‘டீக்கடையில் இளைய நிலா’ என்ற மூன்று சொற்கள்தாம்.

அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘பயணங்கள் முடிவதில்லை’ 1982-இல் வந்தது. ஆகவே படம் அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. பிற்பட்ட எல்லை தெரியவில்லை, ஏனென்றால் அந்தப் பாட்டை நம் டீக்கடைகள் இன்றுவரை நிறுத்தவில்லை. தம்பியிடம் படத்தைக் காட்டினேன். கொக்கை அவன் பார்க்கவே இல்லை. ‘இது நம்ம சைக்கிள்லா, 85-ல வித்துட்டோமே’ என்றான். பின்புறத்தில் ‘நயினார்குளம், 1982–85’ என்று பென்சிலால் எழுதி வைத்துவிட்டேன்.